இருட்டுக்கு மட்டும் கணக்கு

அண்ணனின் வெள்ளைச் சட்டையில் கழுத்துப் பட்டன் தெறித்துப் போயிருந்தது. அவன் சட்டையைக் கழற்றாமலே நிற்க, அண்ணி அவன் நெஞ்சோடு ஒட்டி நின்று தைத்தாள். கடைசியில் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அத்தனை நெருக்கத்தில் நின்றும் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

சின்னவள் சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. குடிக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்குத்தான் அவள் சின்னவள். வேலையிடத்தில் ஷிஃப்ட் பொறியாளர். அந்த வட்டாரம் முழுவதற்கும் மின்சாரம் விநியோகிக்கும் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, எந்த லைனில் கரண்டு ஓட வேண்டும், எதை அணைக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தவள். இப்போது சஸ்பெண்ட். அதே கம்பெனியில் அண்ணன் இயக்கப் பிரிவு மேலாளர். வீட்டில் அவனை 'நீ' என்பாள். ஆபீஸ் வாசல் தாண்டினால் 'சார்'. இந்த இரண்டையும் அவள் இத்தனை வருஷம் குழப்பிக்கொண்டதே இல்லை, அந்த ஒரு விடியற்காலை வரைக்கும்.

அன்றைக்கு நடந்ததைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் அறிவார்கள். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக:

மழையில்லாத வெறும் காற்று. மார்க்கெட் பக்கம் போகிற லைன் ட்ரிப் ஆகித் தானே அணைந்தது. சின்னவள் மறுபடி போட்டாள். மறுபடி ட்ரிப். இன்னொரு தடவை போட்டாள். அதுவும் நிற்கவில்லை. இரண்டு தடவை நிற்காத லைனை, ஆள் போய் நடந்து பார்க்காமல் போடக் கூடாது என்பது கம்பெனி விதி. லைன்மேன்களை அனுப்ப அவள் போனை எடுத்த நேரத்தில்தான் அண்ணன் கூப்பிட்டான். கட்டுப்பாட்டு அறை போனில் பேசுவதெல்லாம் பதிவாகும். அவன் கூப்பிட்டது அவளுடைய சொந்த செல்போனில். பேசி முடித்ததும் அவள் மூன்றாவது முறை போட்டாள். இந்தத் தடவை லைன் அணையாமல் நின்றது.

ஆனால் கம்பி அறுந்துதான் கிடந்தது. சாலை வேலைக்காகக் கொட்டியிருந்த காய்ந்த ஜல்லிக் குவியலின் மேல் விழுந்து கிடந்தது. ஜல்லி வழியாகக் கசிந்த கொஞ்சம் கரண்டு, கோளாறைக் கண்டு லைனை அணைக்க வேண்டிய ரிலேயின் கண்ணில் படவில்லை. விடிந்ததும் கடை திறக்க ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த தையற்காரர் கண்ணிலும் அந்தக் கம்பி படவில்லை.

ஒழுங்குமுறை ஆணையம் இன்று விசாரிக்கிறது. இதுதான் கதை.

அண்ணன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பேசினான். கம்பெனி வக்கீல் சொல்லியனுப்பியதை அப்படியே ஒப்பித்தான். அவசரத்தில் தானாகப் போட்டுவிட்டேன் என்று அவள் சொன்னால் போதும். மனிதத் தவறு. கம்பெனி அபராதத்தைக் கட்டிவிடும். அவளை ஒரு வருஷம் ஸ்டோர்ஸ் பக்கம் தள்ளிவிட்டு, சத்தம் அடங்கியதும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது என்று சொன்னால் விஷயம் வேறு. இந்த வருஷம் உரிமம் புதுப்பிக்கிற வருஷம். மேலாளரே விதியை மீறச் சொன்னார் என்று ஆணையத்தின் பதிவில் ஏறிவிட்டால் கம்பெனியே ஆடிப்போகும்.

"நீ சொன்னதாலதானே போட்டேன்" என்றாள் சின்னவள்.

"எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அங்க எதுக்கு?"

அம்மா ஹாலில் உட்கார்ந்து மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொதுவாக இந்த மாதிரிப் பேச்சில் தலையிட மாட்டாள். இன்று தலையிட்டாள்.

"அவன் வேலை போனா இந்த வீடே உக்காந்துடும்மா. உன் வேலை போனா..."

அதற்கு மேல் சொல்லாமல் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள். சொல்லாமல் விட்ட பாதிதான் சின்னவளுக்கு நன்றாகக் கேட்டது. கல்யாணம் கூடி வந்து நின்றுபோனவள், பிள்ளை குட்டி இல்லாதவள், ஒற்றை ஆள். அவள் போனால் யாருக்கு என்ன?

அண்ணி ஊசியைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். "நானும் வரேன்" என்றாள் புருஷனிடம்.

"நீ எதுக்கு? பள்ளிக்கூடம் இல்லையா?"

"லீவு சொல்லிட்டேன்."

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பிற்பாடு சின்னவளுக்குத் தோன்றியது.

ஆணையத்தின் விசாரணைக் கூடம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. ஏசியைக் குறைக்கத் தெரிந்த ஆள் அன்று வரவில்லை போல. உள்ளே போனவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் மூன்று நாற்காலி. நடுவில் தலைவர், நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். பேசுகிறவர்களுக்கு ஒரு மைக். பேச ஆரம்பித்தால் அதில் சிவப்பாக ஒரு புள்ளி எரியும்.

முதல் வரிசையில் தையற்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு பெரிய துணிப்பை. அதிலிருந்து வெட்டிய துணிகளும் பாதி தைத்த ரவிக்கைகளும் எட்டிப் பார்த்தன. தைக்கக் கொடுத்தவர்கள் திரும்பக் கேட்கிறார்கள், விசாரணை முடிந்து போகிற வழியில் ஒவ்வொரு வீடாகக் கொடுத்துவிட்டுப் போகப் போகிறாள் என்று பக்கத்தில் இருந்தவளிடம் அவள் சொல்வது சின்னவளின் காதில் விழுந்தது.

முதலில் வக்கீல் பேசினார். வழுக்கிக்கொண்டு போகிற குரல். நடந்தது பெரும் துயரம், கம்பெனி தலை வணங்குகிறது என்றார். விதி தெளிவாக இருந்தது, பயிற்சி கொடுக்கப்பட்டது, ஒரு தனிநபர் அதை மீறிவிட்டார் என்றார். அந்தத் தனிநபர் பெண் என்பதையும், ஷிஃப்டின் கடைசி நேரம் என்பதையும் போகிற போக்கில் தூவிவிட்டுப் போனார்.

பிறகு சின்னவளைக் கூப்பிட்டார்கள்.

மைக்குக்கும் அவள் நாற்காலிக்கும் நடுவே இருந்த தூரத்தில் அவள் ஒன்றும் தீர்மானிக்கவில்லை. பல நாள் தூங்காமல் புரண்டு தீர்மானித்ததெல்லாம் அந்த நேரத்தில் கைவிட்டுப் போயிருந்தது. சிவப்புப் புள்ளி எரிந்தது. தலைவர் நேரடியாகவே கேட்டார், மூன்றாம் முறை ஏன் போட்டீர்கள் என்று.

"போடச் சொன்னாங்க. போட்டேன்" என்றாள்.

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"யார் சொன்னது?"

"இயக்கப் பிரிவு மேலாளர். என் அண்ணன்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அவர் சொன்னதுக்காக என் கை சுத்தம்னு சொல்ல வரலைங்க. லைன் எங்கயோ கீழ கிடக்கலாம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்."

தலைவர் எழுதுவதை நிறுத்தினார். அப்படி என்ன அவசரம் என்று கேட்டார். இதற்குச் சின்னவள் கொஞ்சம் விளக்கமாகவே பதில் சொன்னாள். வருஷத்துக்கு இத்தனை மணி நேரம்தான் கரண்டு போகலாம் என்று இந்த ஆணையம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. சராசரியாக ஒரு வீடு அதற்குமேல் இருட்டில் இருந்தால் கம்பெனிக்கு அபராதம், உரிமம் புதுப்பிக்கும்போது கேள்வி. விதி நல்லதுதான். அது வருவதற்கு முன்னால் நாள் கணக்கில் கரண்டு இல்லாமல் கிடந்த தெருக்கள் உண்டு. ஆனால் வருஷக் கடைசியில் கம்பெனி அந்த வரம்பின் விளிம்பில் நிற்கும்போது, ஆளை அனுப்பி ஒரு லைனை நடந்து பார்க்கிற ஒவ்வொரு நிமிஷமும் மேலாளர் மேசைக்குப் போகும். லைனைப் போட்டுவிட்டால் கணக்கு நின்றுவிடும்.

"அந்தத் தெருவுக்கு அன்னிக்குக் காலைல கரண்டு இருந்துச்சு. உங்களுக்கு வந்த ரிப்போர்ட்லயும் இருந்துச்சுன்னுதான் இருக்கும். தையற்காரர் செத்துக் கிடந்த நேரத்துல எங்க கணக்குப்படி ஒரு குறையும் இல்லை. இருட்டுக்கு மட்டும்தாங்க கணக்கு."

மேடையில் இருந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அதுவே ஒரு பதில் மாதிரி இருந்தது.

வக்கீல் எழுந்தார். மேலாளர் போடச் சொன்னதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். பதிவாகிற போனில் ஏன் வரவில்லை? அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். வக்கீல் சிரிக்காமல் சிரித்துவிட்டு, அவரிடமே கேட்கலாம் என்று உட்கார்ந்தார்.

அண்ணன் மைக்கின் முன்னால் வந்து நின்றான். இந்த மனிதன்தான் அப்பா போன பிறகு பரீட்சைக்குப் பணம் கட்டியவன். பொறியியல் படிக்க அனுப்பாதே என்று ஊரே சொன்னபோது, "அவ படிக்கட்டும், உங்களுக்கு என்ன?" என்று ஒற்றை ஆளாக நின்றவன். சின்னவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் மைக்கின் சிவப்புப் புள்ளியைப் பார்த்தான்.

போன் செய்தது உண்மை என்றான். காற்று பலமாக இருந்தது, தங்கை வீட்டுக்கு எப்படி வருவாள் என்ற கவலையில் கேட்டேன், வேலை விஷயம் எதுவும் பேசவில்லை. அண்ணனாகத்தான் பேசினேன்.

ஒரு வார்த்தை தடுமாறவில்லை. நன்றாகப் பாடம் செய்திருந்தான். சின்னவளுக்குக் கோபம் வரவில்லை. காலுக்கடியில் இருந்த தரை மெள்ள நகர்ந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

பொது விசாரணை என்றால் கடைசியில் பொதுமக்கள் பேசலாம். வழக்கமாக மின்கட்டணம் அதிகம் என்று இரண்டு பேர் பேசிவிட்டுப் போவார்கள். தலைவர் கேட்டதும் பின் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

அண்ணி.

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வகுப்புக்குள் நுழைகிற டீச்சர் நடையில் வந்தாள். மைக் உயரம் சரியில்லை என்று அவளே வளைத்துக்கொண்டாள். அண்ணன் எழுந்து, பிறகு உட்கார்ந்தான்.

தான் யார் என்று சொன்னாள்.

"அவர் அன்னிக்குப் போன்ல பேசினப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன். 'இன்னொரு தடவை போடு, நின்னா நின்னுது'ன்னார். அவ வீட்டுக்கு எப்படி வருவாள்னு கேக்கலை. இதுதாங்க."

வக்கீல் பாய்ந்து எழுந்தார். இத்தனை நாள் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டார்.

"என்னை யாரும் கேக்கலை."

குடும்பத்துக்குள் மனஸ்தாபம் ஏதாவது உண்டா என்று வக்கீல் இன்னும் மிருதுவாகக் கேட்டார்.

"சண்டை ஒண்ணும் இல்லைங்க. அவர் போட்டிருக்கிற சட்டைக்குக் காலைல நான்தான் பட்டன் தெச்சேன்." அவள் புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அவர் கெட்டவர் இல்ல. ஒரு மாசமா ராத்திரி எழுந்து எழுந்து உக்காந்துக்கறார். ஆனா, இந்தப் பழியைத் தூக்கி அவ தலையில வெச்சா, அப்புறம் நான் அந்த வீட்ல எப்படிச் சோறு போடறது?"

சொல்லிவிட்டு மைக்கைப் பழையபடி நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

யார் பொறுப்பு என்ற தீர்ப்பைத் தலைவர் தள்ளி வைத்தார். ஆனால் ஓர் இடைக்கால உத்தரவு போட்டார். இன்றிலிருந்து, ட்ரிப் ஆன எந்த லைனையும் ஆள் நடந்து பார்க்காமல் கம்பெனி மறுபடி போடக் கூடாது. அப்படி நடந்து பார்க்கிற நேரம் இருட்டுக் கணக்கில் சேராது. இரண்டு வாக்கியம்தான். எழுதி முடிக்கச் சில நிமிஷம் ஆயிற்று. ஒரு மாதத்துக்கு முன்னால் வந்திருக்கலாம்.

படிக்கட்டில் சின்னவள் தையற்காரரின் மனைவியைப் பிடித்தாள். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வரவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை பாதி வந்து நின்றது. அந்த அம்மாள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க சொன்னதால அவர் திரும்பி வரப்போறதில்ல. சொல்லாம விட்டிருந்தாலும் வரப்போறதில்ல. வழி விடுங்கம்மா, இதையெல்லாம் கொடுத்துட்டு வரணும்."

சின்னவள் வழி விட்டாள்.

அண்ணன் எந்த வழியாகக் கீழே இறங்கினான் என்று யாரும் பார்க்கவில்லை. கார் போயிருந்தது. அண்ணியும் நாத்தனாரும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். அம்மாவுக்கு அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள். கெட்ட சேதிக்குக் கால் முளைக்கக் கேட்க வேண்டுமா? மருமகளையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. "அவன் எங்க?" என்று மட்டும் கேட்டாள். அண்ணி அவனுக்குப் போன் போட்டாள். அவன் போன் அடித்தது, எடுக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் காற்று கிளம்பியது. ஜன்னல் கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. சற்று நேரத்தில் கரண்டு போனது. தெரு முழுக்க இருட்டு. பக்கத்து வீட்டில் யாரோ கம்பெனியைத் திட்டினார்கள்.

சின்னவளுக்கு மட்டும் தெரியும், இப்போது எங்கோ நாலு பேர் கையில் டார்ச்சோடு கம்பங்களை அண்ணாந்து பார்த்தபடி நடந்துகொண்டிருப்பார்கள் என்று. உத்தரவு வேலை செய்கிறது. மெழுகுவர்த்தி ஏற்றும்போது, ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு கொஞ்சம் சரளமாக வந்தது.

அது நீடிக்கவில்லை. செல்போன் அடித்தது. லைன்மேன்களின் ஃபோர்மன்.

சாரே நேரில் வந்து நிற்கிறார் என்றார். மேலாளர் லைன் பார்க்க வந்து அவர் பார்த்ததே இல்லையாம். கால்வாய்ப் பாலத்துப் பக்கம் கம்பி அறுந்து கிடக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் அந்தக் கோடிக்குப் போங்கள் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டாராம்.

"அவர் மூஞ்சி சரியில்லம்மா. நாங்க ரொம்ப தூரம் வந்துட்டோம். போன் போட்டா எடுக்க மாட்டேங்கறார். நீங்க பேசினா எடுப்பார்னு..."

அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். அடித்து அடித்து நின்றது. அடுத்ததாகக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள். எடுத்தது இப்போது ஷிஃப்டில் இருக்கும் கொட்டாவி. எந்த ஷிஃப்ட் போட்டாலும் கொட்டாவி விடுவதால் அவனுக்கு அந்தப் பெயர். இன்று அவன் குரலில் தூக்கமே இல்லை.

"சார் இப்பதான் பேசினார். லைன் பாத்தாச்சு, எல்லாம் சரியா இருக்கு, ஆளெல்லாம் விலகியாச்சு, போடுன்னார். போடப் போறேன்."



"போடாத. கம்பி கீழ கிடக்கு. அவர் அதுங்கிட்டதான் நிக்கறார்."

"நீ சஸ்பெண்ட்ல இருக்கே. உன் பேச்சைக் கேட்டு நான் எப்படி... மேலாளரே வாய்விட்டுச் சொல்றார், பதிவாகிற போன்லயே சொல்லியிருக்கார்."

"நானும் அப்படித்தான் போட்டேன்" என்றாள்.

அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"போனை வெக்காத. நான் அங்க போறேன். நான் பேசிட்டே வரேன். நான் பேசற வரைக்கும் நீ அதைத் தொடக் கூடாது. சரியா?"

திரும்பினால் அண்ணி வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பி நின்றிருந்தாள். ஏன், என்ன என்று கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"எந்த இடம்?"

"கால்வாய்ப் பாலம்."

"ஏறு."

பின்னால் அம்மா என்னவோ கூப்பிட்டுக் கேட்டாள். காற்றில் காதில் விழவில்லை.

தெரிந்த தெருக்கள் எல்லாம் தெரியாத தெருக்களாக இருந்தன. ஹெட்லைட்டில் ஒரு நாய், ஒரு சரிந்த போர்டு, ஒடிந்த கிளை. அண்ணி கிளையைச் சுற்றி வளைத்து ஓட்டினாள். சின்னவள் போனில் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே வந்தாள். சர்க்கிள் தாண்டிட்டோம். பள்ளிக்கூடம் தாண்டிட்டோம். இருக்கியா? இருக்கேன் என்றான் கொட்டாவி, ஒவ்வொரு தடவையும். முன்னால் அண்ணியின் முதுகு நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது. குளிர் என்று நினைத்துக்கொள்ள விரும்பினாள்.

பாலத்துக்குச் சற்று முன்னால் அண்ணி பிரேக் பிடித்தாள்.

வெளிச்சத்தில் அண்ணனின் கார். டிரைவர் பக்கத்துக் கதவு திறந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை. கரண்டு தாக்காமலிருக்க லைன் பார்க்கப் போகிறவர்கள் கழற்றவே கூடாத கனத்த ரப்பர் பூட்ஸ் இரண்டும் காருக்குப் பக்கத்தில், வாசலில் கழற்றிவிட்ட மாதிரி ஜோடியாக, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன.

அண்ணி புருஷனின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிக் கூப்பிட்டுச் சின்னவள் கேட்டதில்லை.

பதில் இல்லை. கால்வாய்த் தண்ணீரின் சத்தம் மட்டும்.

"ஏய், இருக்கியா?" போனில் கொட்டாவியின் குரல் தாழ்ந்தது. "மேலேர்ந்து கேக்கறாங்க. பாத்தாச்சுன்னா ஏன் இன்னும் போடலைன்னு. என்ன சொல்றது?"

சின்னவள் செருப்பைக் கழற்றாமல், தரையைப் பார்த்து அடி எடுத்து வைத்தாள்.

"இருட்டாவே இருக்கட்டும்னு சொல்லு."